சேர்வர் எதற்காகக் காத்திருக்கிறது?



சென்ற மாதம் வானலையில் இந்த விடயத்தைப் பேசத் தொடங்கியபோது நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. "மிச்சத்தை மடலில் எழுதிவிடுங்கோ" என்று சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். ஆகவே முதலில் இருந்தே எழுத்தில் தருகிறேன். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளி என்று ஏதாவது ஒன்றுக்கு இணையத்தளம் நடத்துகிறவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு இது நேரடியாக உதவும். மற்றவர்களுக்கும் வீட்டுக் கணினி ஆமை வேகத்தில் ஓடும்போது உதவும்.

2014 நவம்பரில் நடந்தது இது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தை நான்தான் பார்த்து வந்தேன். ஊரில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் பையில் கொண்டுவந்த பழைய புகைப்படங்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், கோயில் திருவிழா மலர்கள், மரண அறிவித்தல்கள் எல்லாம் அதில் இருந்தன. புகைப்படங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஓர் அங்கத்தவருடைய கடையின் பின் அறையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு தட்டில், அந்தச் சேர்வர் இருந்தது. சேர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரவு பகல் நிறுத்தாமல் ஓடுகிற ஒரு சாதாரணக் கணினிதான். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை.

ஒரு சனிக்கிழமை இரவு ரொறன்ரோவில் இருந்து ஓர் அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, அண்ணாவின்ர அறிவித்தல் திறக்குதில்லை. வெள்ளையாய் நிக்குது. படம் பார்க்கலாம் எண்டு பிள்ளையள் எல்லாம் சுத்தி இருக்கினம்" என்றார். நான் இங்கே திறந்து பார்த்தேன். பக்கம் வர 38 செக்கன் எடுத்தது.

அடுத்த நாள் செயற்குழுவில் விடயம் வந்தது. "பழைய மெஷின் தம்பி, புதுசா ஒண்டு வாங்குவம்" என்றார் பொருளாளர் அண்ணை. சங்கத்தில் 1,800 பவுண்ஸ் இருந்தது. அது ஊர்ப் பாடசாலையின் நூலகத்துக்கென்று சேர்த்த காசு. "ஒரு கிழமை தாங்கோ அண்ணை, என்ன வருத்தம் என்று பார்த்துவிட்டு மருந்து வாங்குவோம்" என்று கேட்டேன். இன்றைக்கு நான் சொல்ல வருவதும் அதுதான். மெதுவாக இருக்கும் கணினி ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. எதற்காக என்று தெரியாமல் காசைச் செலவழிக்கக்கூடாது.

சேர்வர் காத்திருக்கக்கூடிய இடங்கள் நான்கு. பாதை, மூளை, நினைவகம், ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது பாதை, அதாவது இணைய இணைப்பு. கடையில் இருந்தது சாதாரண வீட்டு இணைப்புப் போன்றது. அப்படியான இணைப்புகளில் நாங்கள் படம் பார்க்க உள்ளே இறங்கும் வேகம் அதிகம், வெளியே அனுப்பும் வேகம் குறைவு. இணையத்தளம் நடத்துகிறவருக்கு வெளியே அனுப்பும் வேகம்தான் முக்கியம். ஆகவே முதல் சந்தேகம் அதன் மேல் விழுந்தது. இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டு வரி மட்டும் உள்ள ஒரு சின்னக் கோப்பைச் சேர்வரில் வைத்து, அதை வீட்டில் இருந்து திறந்து பார்த்தேன். உடனே வந்தது. பிறகு கடைக்குப் போய், சேர்வரின் முன்னாலேயே இருந்து, இணையத்தைத் தொடாமல் அதே அறிவித்தல் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் 38 செக்கன். ஆகவே பாதையில் குற்றம் இல்லை.

இரண்டாவது மூளை, அதாவது புரொசெசர். எங்கள் சேர்வர் லினக்ஸ் முறையில் ஓடியது. அதில் 'டொப்' என்று ஒரு கட்டளை கொடுத்தால், எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். மேலே 'லோட்' என்று ஒரு எண் வரும். எங்கள் மெஷினின் மூளை இரண்டு கோர் கொண்டது. லோட் இரண்டுக்குள் இருந்தால் நல்லது. அன்று 14 காட்டியது. பொருளாளர் அண்ணை பார்த்திருந்தால் "பாத்தியா, மெஷின் காணாது" என்றிருப்பார். ஆனால் லினக்ஸில் இந்த எண்ணுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. வேலை செய்துகொண்டிருப்பவர்களை மட்டும் அது எண்ணுவதில்லை. டிஸ்க் பதில் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களையும் சேர்த்தே எண்ணும். அதனால் அதற்குக் கீழே மூளையின் வேலையைக் காட்டும் வரியைப் பார்க்க வேண்டும். அங்கே மூளை உண்மையாக வேலை செய்த நேரம் நூற்றுக்கு 8. டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம் நூற்றுக்கு 81. அந்த எண்ணை 'டபிள்யூ ஏ' என்ற இரண்டு எழுத்தால் குறித்திருப்பார்கள். மூளை சும்மா இருந்தது. புதிய மெஷின் வாங்கியிருந்தால், இன்னும் வேகமான ஒரு மூளை அதே மாதிரிச் சும்மா இருந்திருக்கும்.

மூன்றாவது நினைவகம், அதாவது ராம். நினைவகம் போதாவிட்டால் கணினி டிஸ்க்கின் ஒரு மூலையை நினைவகம் போலப் பாவிக்கத் தொடங்கும். இதை 'ஸ்வாப்' என்பார்கள். அந்த நிலைக்கு வந்த கணினி நாள் முழுக்கச் சாமானை இந்த அறையில் இருந்து அந்த அறைக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், வேறு வேலை நடக்காது. வெளியில் இருந்து பார்த்தால் டிஸ்க்தான் திணறுவது போலத் தெரியும், ஆனால் குறை நினைவகத்தில் இருக்கும். இதற்கு மருந்து ராம் கூட்டுவது, டிஸ்க் மாற்றுவது அல்ல. 'வீஎம்ஸ்டாட்' என்ற கட்டளையில் ஸ்வாப்புக்குப் போவதும் வருவதும் இரண்டு நிரலாகத் தெரியும். எங்களிடம் இரண்டும் பூச்சியம். ஆகவே அதுவும் இல்லை.

மிஞ்சியது ஹார்ட் டிஸ்க். 'ஐஓஸ்டாட்' என்ற கட்டளை, டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது, ஒரு கோரிக்கைக்குப் பதில் வர எத்தனை மில்லி செக்கன் எடுக்கிறது என்று சொல்லும். எங்கள் டிஸ்க் நூற்றுக்கு 99 பங்கு வேலையில் இருந்தது. ஒரு பதிலுக்கு 300 மில்லி செக்கனுக்கு மேல். நல்ல டிஸ்க் ஒன்று இதற்கு 10, 15 மில்லி செக்கன்தான் எடுக்கும்.

இந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். பழைய இசைத்தட்டு நினைவிருக்கிறவர்களுக்கு விளங்கும். தட்டுச் சுழலும், ஒரு கை நகர்ந்து போய் உரிய இடத்துக்கு மேலே நிற்கும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். இரண்டடி அகலமான 50 தட்டுகள், மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய ஒரு புகைப்படத்துக்கே அது சரி. கொள்ளளவு எத்தனையோ மடங்கு கூடிவிட்டது. ஆனால் கை நகரும் வேகம் அந்த அளவுக்குக் கூடவில்லை. அதுதான் பிரச்சினையின் வேர்.

கணக்கைப் பாருங்கள். கடையில் வாங்கும் சாதாரண டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 தரம் சுழலும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செக்கன். தேவையான இடம் கைக்கு நேரே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி செக்கன். கை நகர இன்னும் எட்டு ஒன்பது மில்லி செக்கன். மொத்தம் ஏறத்தாழ 13. ஆகவே அங்குமிங்கும் தேடி எடுக்கும் வேலையில் அதனால் செக்கனுக்கு 75, 80 தரம்தான் பதில் சொல்ல முடியும். அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் 15,000 சுற்று டிஸ்க்குகள் வாங்கின. அவை செக்கனுக்கு 170, 180 வரை போகும். சத்தமும் சூடும் விலையும் அதிகம்.

எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. எல்லாம் சிப். எந்த இடத்தைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே நேரம், அதுவும் ஒரு மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. சாதாரண எஸ்.எஸ்.டி. கூடச் செக்கனுக்குப் பல்லாயிரம் தரம் பதில் சொல்லும். 80 எங்கே, பல்லாயிரம் எங்கே!

"அப்ப எஸ்.எஸ்.டி. வாங்கினால் முடிஞ்சுதே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. நாளுக்குச் சில நூறு பேர் பார்க்கும் ஒரு ஊர்த் தளம், டிஸ்க்கை ஏன் இப்படிப் போட்டு இழுக்கிறது?

தரவுத்தளத்தில் 'மெதுவான கேள்விகளின் பதிவு' என்று ஒன்று உண்டு. அதைத் திறந்துவிட்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். குற்றவாளி பிடிபட்டது. எங்கள் பக்கத்தின் அடியில் "இதுவரை பார்வையிட்டோர்" என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் செயற்குழு ஆசைப்பட்டுக் கேட்டதால் நான்தான் எழுதினேன். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி பதியும். ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் எல்லா வரிகளையும் முதலில் இருந்து எண்ணும். ஐந்து வருடத்தில் வரிகள் பல இலட்சமாகி, அந்தப் பட்டியல் நினைவகத்துக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது. கோயில் உண்டியலில் ஒருவர் காசு போடும் ஒவ்வொரு தடவையும் உண்டியலைக் கொட்டி முழுவதையும் எண்ணுவது போன்ற வேலை இது. ஒருவர் வந்தால் பரவாயில்லை. மூன்று பேர் ஒரே நேரம் வந்தால் டிஸ்க்கின் கை மூன்று இடத்துக்கும் மாறி மாறி ஓடும். எண்ணுவதை விட்டு, ஒரே ஒரு எண்ணை வைத்து, அதோடு ஒன்றைக் கூட்டும்படி மாற்றினேன். பத்து வரி வேலை. 38 செக்கன் 6 செக்கனானது. செலவு ஒன்றும் இல்லை.

நேயர்களே, நான் பெரிய தவறு செய்ய இருந்த இடம் இதுதான். எல்லோருக்கும் சந்தோஷம். பொருளாளர் அண்ணை தேத்தண்ணி வாங்கித் தந்தார். அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த 6 செக்கன் மனதை அரித்தது. டிஸ்க்குக்கு இப்போது வேலையே இல்லை, பிறகு ஏன் ஆறு? ஒரு செக்கனுக்குள் வர வேண்டுமே.

ஹார்ட் டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைக்கும். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அதைக் கேட்டுப் பார்த்தேன். பழுதாகி வேறிடத்துக்கு மாற்றிய பகுதிகள் 212, வாசிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள் 48 என்று வந்தது. டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. வாசிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் போகும். அந்தத் தாமதம் ஓர் எச்சரிக்கை.

இதைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. கூகுள் நிறுவனத்தார் தங்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோதனையில் முதல் வாசிப்புப் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாத டிஸ்க்கை விட, அடுத்த 60 நாளுக்குள் சாக 39 மடங்கு வாய்ப்பு உள்ளது என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றையும் காட்டாமலே செத்தன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வராவிட்டால் நம்பியிருக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

"பிரதி இருக்குத்தானே தம்பி?" என்று கேட்டார் அண்ணை. இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். வெளி டிஸ்க் ஒன்றுக்குக் கிழமைக்கு ஒரு தரம் தானாகப் பிரதி எடுக்கும்படி செய்திருந்தேன். திறந்து பார்த்தால், அந்த டிஸ்க் பெப்ரவரியிலேயே நிரம்பிவிட்டது. ஒன்பது மாதமாக ஒரு பிரதியும் எடுபடவில்லை. 'எடுக்க முடியவில்லை' என்ற செய்தி கிழமை தவறாமல், யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அது என்னுடைய கவலையீனம், வேறு யாருடையதும் அல்ல.

உடனே சேர்வரை நிறுத்தினேன். சாகும் டிஸ்க்கில் 'பழுது பார்க்கும்' மென்பொருள் எதையும் ஓட விடக்கூடாது, அது கடைசி மூச்சையும் வாங்கிவிடும். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பிவரும் 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருளால் புதிய டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். 19 மணித்தியாலம் எடுத்தது. 60 புகைப்படங்கள் வாசிக்க முடியாமல் போயின. 49 பழைய பிரதியில் கிடைத்தன. மற்ற 11 அந்த ஒன்பது மாதத்துக்குள் வந்தவை. 8 பேரிடம் மூலப்படம் இருந்தது, மறுபடி ஸ்கான் செய்தோம். மூன்று படங்கள் இல்லாமலே போய்விட்டன.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. 1981 மே 31 இரவும் அதன் பிறகும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அச்சு நூலுக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்கலாம். கையெழுத்துச் சுவடிக்கு இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகம் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைப்பதன் அருமை அதில்தான் இருக்கிறது. ஓர் இடத்தில் அழிந்தாலும் இன்னோர் இடத்தில் இருக்கும். நாங்களோ எங்கள் ஊரின் படங்களை எல்லாம் ஒரே பெட்டிக்குள் சேர்த்து, அரிசி மூட்டைக்கு மேலே வைத்துவிட்டு, பாதுகாத்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம்.

இனி, எந்த வேலைக்கு எந்த டிஸ்க் என்று இன்றைய நிலையைச் சொல்லி முடிக்கிறேன்.

கணினியை இயக்கும் மென்பொருளும் தரவுத்தளமும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். இன்று எஸ்.எஸ்.டி. இரண்டு வகையில் கிடைக்கும். 'சாட்டா' வகை செக்கனுக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் தரும். 'என்விஎம்இ' வகை அதைப் போலப் பல மடங்கு. ஊர்ச் சங்கத் தளத்துக்குச் சாட்டாவே தாராளம். பழைய மடிக்கணினிக்கும் அதுதான் பொருந்தும். வாங்கமுன் எந்த வகை ஏற்கும் என்று பாருங்கள்.

புகைப்படம், ஒலிப்பதிவு, காணொளி போன்று பெரிதாகவும் எப்போதாவது திறப்பதாகவும் உள்ளவற்றுக்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க் போதும். ஒரு டெராபைட்டுக்கான விலையில் அது இன்னும் மலிவு. வாங்கும்போது 'எஸ்.எம்.ஆர்.' என்ற வகையா என்று கேளுங்கள். அதில் பதிவுகள் கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்ற அடுத்துள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும், அதனால் எழுதும் வேகம் படுத்துவிடும். சில டிஸ்க்குகளை இந்த வகை என்று சொல்லாமலே விற்றதை 2020 ஏப்ரலில் உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எழுதி மூடி வைக்கும் பிரதிக்கு எஸ்.எம்.ஆர். பரவாயில்லை. நாளாந்தம் எழுதும் சேர்வருக்கு வேண்டாம்.

எஸ்.எஸ்.டி.யில் எழுதி அலுமாரிக்குள் வருடக் கணக்கில் வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதிலுள்ள மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும். நெடுங்காலப் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க் நல்லது.

இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரம் எழுதும் 'ரெயிட்' முறையைப் பிரதி என்று நம்பாதீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், உண்மை. ஆனால் தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் ஒரே நேரம் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டிடத்தில் என்பதே நல்ல விதி. மாதம் ஒரு தரம் பிரதியில் இருந்து ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி பிரதியே அல்ல.

வீட்டில் விண்டோஸ் கணினி உள்ளவர்களுக்கும் ஒரு வழி. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் மூளை, நினைவகம், டிஸ்க் மூன்றும் நூற்றுவீதத்தில் தெரியும். டிஸ்க் மட்டும் நூறில் நின்றால், புதிய கணினி வாங்க முன்னர் உங்கள் பிள்ளைகளின் படங்களுக்குப் பிரதி எடுங்கள். பிறகு நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் முடிந்த பிறகு எஸ்.எஸ்.டி.யைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் தளத்துக்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினோம். 1,800 பவுண்ஸில் 260 செலவானது. மிச்சம் ஊர்ப் பாடசாலை நூலகத்துக்குப் போனது. ஒரு ஹார்ட் டிஸ்க் கடையில் இருக்கிறது, மற்றது பொருளாளர் அண்ணை வீட்டில். அறிவித்தல் பக்கம் இப்போது ஒரு செக்கனுக்குள் திறக்கும்.

போன மூன்று படங்களில் ஒன்று, வன்னியில் எடுத்த ஒரு தாயின் படம். ஸ்கான் செய்த பிறகு மூலத்தை நிலவறையில் வைத்திருந்தார்கள், ஈரம் பட்டு அழிந்துவிட்டது. மகளுக்கு நான்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "இணையத்தில இருக்குத்தானே எண்டு நினைச்சன் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு வானலையில் சந்திப்போம்.